பதினாலு மடங்கு இலங்கை

அந்த யானையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் அது என்னை வேறு எதையும் எழுத விடாது.

1540இல் பாசல் நகரில் செபாஸ்தியான் மூன்ஸ்டர் என்ற ஜெர்மன் அறிஞர், இரண்டாம் நூற்றாண்டுத் தாலமியின் புவியியல் நூலை மறுபடி அச்சிட்டார். அதில் ஒரு தாள் முழுவதும் ஒரே ஒரு தீவு. கூடவே ஒரு பெரிய யானை. யானையை ஒருநாளும் காணாதவர், கண்டவரிடம் கேட்டு வரைந்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது. தீவுக்குள் இருக்கும் ஊர்ப்பெயர்கள் தாலமி எழுதிவைத்தவை. அவற்றில் ஒன்று அனுரோகிராம்மும். அனுராதபுரம்தான், வேறென்ன? ஆக இது இலங்கை. கரைகூட தாலமி சொன்ன இலங்கைக் கரை. ஆனால் மூன்ஸ்டரின் இந்தப் படத்துக்கு ஜெர்மன் பதிப்பில் இருக்கும் தலைப்பு 'சுமாத்திரா, ஒரு பெரிய தீவு'! வீடு எங்களுடையது, உள்ளே இருக்கும் பண்டபாத்திரம் எங்களுடையது, வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை மட்டும் பக்கத்துத் தெருக்காரருடையது.

இரவு இரண்டு மணிக்கு ஃபோனில் இதைக் கண்டு நான் சிரித்த சிரிப்பில் வீட்டில் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விட்டபாடில்லை.

நான் படித்த ஆள் இல்லை. மட்டக்களப்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் எங்கள் தலைமுறைக்கு வரைபடம் என்றால் ஒரு தனி உணர்ச்சி இருக்கிறது. யுத்த காலத்தில் பையில் ஒரு வரைபடம் இருந்தால் சோதனைச்சாவடியில் பதில் சொல்லி மாளாது. பள்ளிக்கூடப் பூமிசாத்திரக் கொப்பியில் நான் வரைந்த இலங்கைப் படத்தைக்கூட அம்மா கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறா. அப்படி வளர்ந்தவன், இன்று நானூறு ஐந்நூறு வருடத்துப் படங்களைக் காசில்லாமல் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்க்கிறேன் என்றால், அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

வாகரையில் கொட்டினேன்.

ஐந்து படங்களை ஏ3 தாளில் அச்சடித்து, லமினேற் பண்ணி, சுருட்டிக்கொண்டு, ஜூன் மாதக் கடைசியில் பஸ் ஏறினேன். 1482இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வந்த தாலமி படம், மூன்ஸ்டரின் யானைப் படம், 1492இல் மார்ட்டின் பெஹாய்ம் செய்த உலக உருண்டையின் ஒரு பகுதி, 1606இல் ஹொண்டியுஸ் போட்ட இலங்கை, 1681இல் ரொபர்ட் நொக்ஸின் புத்தகத்தில் வந்த கண்டி இராச்சியப் படம். வாகரைக் கரையில் எங்கள் மாமாவின் மீன்வாடி இருக்கிறது. அறுபது வயது தாண்டியும் கரைவலைக்குப் போகிற மனிதர். 'இந்தப் படங்களை ஆராய்ச்சிக்காரர் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், கடலோடி ஒருவர் பார்த்தால் என்ன சொல்லுவார்?' என்பதுதான் என் ஆசை.

மட்டக்களப்பில் இருந்து வடக்கே 60 கிலோமீற்றருக்கு மேல். வாழைச்சேனை தாண்டினால் மாங்கேணி, காயான்கேணி, பனிச்சங்கேணி என்று கேணியில் முடிகிற ஊர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பாற்றுக் களப்பு, நடுவில் ஈர்க்குப் போல ஒரு நிலம். முதல் தடவை மோட்டார் சைக்கிளில் வந்தபோது ஃபோனில் இருந்த வரைபடம் என்னை ஒரு மணல் ஒழுங்கையில் திருப்பி, நேரே களப்புத் தண்ணீருக்குள் இறங்கச் சொன்னது. அதற்குப் பிறகு தாலமியைப் பற்றி யாரும் குறைசொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தாலமியின் குறை என்னவென்று சொல்ல வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு, மாலுமிகளும் வியாபாரிகளும் சொன்னதைக் கூட்டிக் கழித்து உலகத்தை அளந்தவர் அவர். ஆசியாவுக்கு அவர் நூலில் 12 படங்கள். பன்னிரண்டாவது முழுக்க எங்களுக்கே. இலங்கையை அவர் 'தப்ரபேன்' என்றார். தம்பபண்ணி என்ற பாளிச் சொல் கிரேக்க வாயில் அப்படியானது. திருநெல்வேலித் தாமிரபரணியும் அதே குடும்பம்தான். பெயரில் பிழையில்லை. அளவில்தான் மனிதர் கையை அகல விரித்துவிட்டார். உண்மையான இலங்கையைப் போல ஏறக்குறைய 14 மடங்கு! 65,610 சதுர கிலோமீற்றர் தீவை 14ஆல் பெருக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு. அதேநேரம் இந்தியாவின் தெற்குக் கூர்மையை மொட்டையாகத் தட்டி மட்டமாக்கிவிட்டார். அவர் படத்தில் இந்தியா எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் கரை. நில நடுக்கோடு வேறு தீவின் தென்பாகத்தை வெட்டிக்கொண்டு போகிறது.

மாமா வாடித் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். தாள் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் வலையின் ஈயக்குண்டுகளை வைத்தேன். கச்சான் காற்று அடிக்கிற நேரம். எங்கள் பக்கத்தில் மேற்குக் காற்றுக்கும் கச்சான், வறுத்துத் தின்கிற நிலக்கடலைக்கும் கச்சான். கச்சானைக் கொறித்துக்கொண்டே கச்சானைத் திட்டுவோம். வெளியூர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டுப் படம் வரைந்தால் என்ன வரைவார் என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையே கிட்டத்தட்ட அந்த நினைப்புத்தான்.

"இவ்வளவு பெருசா ஏன் மனே கீறி வச்சிருக்கான்?" என்றார் மாமா.

தெரிந்ததைச் சொன்னேன். ரோமாபுரிப் பிளினி எழுதியிருக்கிறார்: இந்தியக் கரையிலிருந்து இந்தத் தீவுக்கு நாணல் படகில் 20 நாள் என்று முன்பு கணக்கிட்டிருந்தார்கள், பிறகு தங்கள் கப்பலின் வேகத்துக்கு அது ஏழு நாளாகக் குறைந்தது. மாமா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக் கொண்டுபோய் மைலாக்கினா அப்பிடித்தான் வரும். கல்லடியிலிருந்து வாகரைக்கு வாடையில எத்தினை நாள், கச்சானில எத்தினை நாள்? காத்து விழுந்துபோனா நடுக்கடலில கிடக்கிறதும் பயணக் கணக்குத்தானே."

எனக்கு எழும்பி ஆட வேண்டும் போல இருந்தது. பழைய உலகப் படங்களின் பாதிப் பிழைக்குக் காரணம் இதுதான். நேரத்தைத் தூரமாக எழுதினார்கள். அகலாங்கை ஓரளவுக்குச் சூரியனை வைத்துக் கணிக்கலாம்; கிழக்கு மேற்கு தூரத்துக்குக் கடலில் நம்பத்தக்க வழி 18ஆம் நூற்றாண்டில் நல்ல கடல்மணிக்கூடு வரும்வரை இல்லை. கரைவலைக்காரர் இதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி வலையைப் பொத்துகிறார்!

சூரியன் என்றதும் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். கிளவுடியுஸ் பேரரசர் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், இலங்கையிலிருந்து ரோமுக்குத் தூதர்கள் போனார்கள். அங்கே தங்கள் நிழல் வடக்கே விழுவதைப் பார்த்து அவர்கள் அதிசயப்பட்டார்கள் என்று பிளினி எழுதுகிறார். இதைப் படிக்கும் யாரும் 'கட்டுக்கதை' என்றுதான் முதலில் சொல்வார்கள். இலங்கை நில நடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது, இங்கேயும் நிழல் வடக்கேதானே விழவேண்டும்? தெற்குப் பாதி உலகத்தில் இந்தத் தீவைத் தூக்கிப்போட்ட பழைய நம்பிக்கைக்கு இந்தக் கதையும் தண்ணீர் ஊற்றியிருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று மத்தியானம் இடுப்புயரக் கம்பொன்றை மணலில் செங்குத்தாக நட்டேன். செங்குத்துப் பார்க்க ஒரு ஈயக்குண்டை நூலில் தொங்கவிட்டேன். வாடிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். பன்னிரண்டுக்கு முன்னிருந்தே நிழலின் நுனியில் ஒவ்வொரு சிப்பியாக வைத்துக்கொண்டு வந்தோம். நிழல் குறுகிக் குறுகி, 12 மணி கழிந்து ஏழெட்டு நிமிடத்தில் ஆகக் குட்டையானது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. எந்தப் பக்கம் விழுந்தது தெரியுமா?

தெற்கே! வெருகல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மட்டக்களப்பைப் பார்த்து!

வாகரை 8 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதிக்குச் சற்று முன்பு சூரியன் எங்கள் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய், செப்டம்பர் தொடக்கத்தில்தான் திரும்பி வருகிறது. ஏறக்குறைய ஐந்து மாதம் எங்கள் மத்தியான நிழல் தெற்கே விழும். ரோமில் வருடம் முழுக்க வடக்கே மட்டும்தான். ஆகவே அங்கு போன எங்கள் ஆட்கள் அதிசயப்பட்டது நூற்றுக்கு நூறு நியாயம். இத்தனை வருடம் இந்த மண்ணில் நடந்து திரிந்திருக்கிறேன், என் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதென்று ஒருநாள் குனிந்து பார்த்ததில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு 'பொய்' வந்து பார்க்க வைத்தது. சிப்பி வரிசையை அலை அழிக்கும்வரை அங்கேயே நின்றேன். மாமி சோறு ஆறுகிறதென்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டா. களப்பு நண்டு ஆணம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாலமி அடிபட்டுப் போவார், விட்டுவிடுகிறேன்.

சாப்பிட்டபின் உல்ம் படத்தை விரித்தேன். இதற்காகத்தான் நான் வாகரைக்கு வந்ததே.

தாலமியின் தப்ரபேனில் கலிபா என்றொரு மலைத்தொடர். அதிலிருந்து ஓர் ஆறு கிளம்பிக் கிழக்குக் கரைப் பக்கமாகக் கடலில் விழுகிறது. அந்த ஆற்றுக்கு அவர் இட்ட பெயர் கங்கை. சும்மா கங்கை. வங்காளத்தில் ஓடுகிற கங்கைக்கும் அதே பெயர்தான் அவர் நூலில். ஐரோப்பாவில் அச்சுக்கு வந்த தாலமி படங்களில் எல்லாம் இந்த இரண்டாவது கங்கை எங்கள் தீவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பார்ப்பவர்கள், கிழவர் இந்தியாவையும் இலங்கையையும் குழப்பிவிட்டார் என்று சிரிக்கலாம்.

"மாமா, இந்தப் படத்தில வாகரை எங்க இருக்குமெண்டு சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டார். எழுத்து லத்தீன். அவருக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் அரைகுறை. ஆற்றின் வாயில் விரலை வைத்தார். "இதென்ன ஆறு?"

"கங்கை எண்டு போட்டிருக்கான்."

"மறுகா என்ன? வெருகல் கங்கை. அதுக்கு இஞ்சால வாகரை."

முடிந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை மனிதர். 335 கிலோமீற்றர் ஓடிவருகிற மகாவலி கங்கையின் ஒரு கிளை வாகரைக்கு வடக்கே, வெருகலில்தான் கடலைச் சேர்கிறது. கரையில் சித்திரவேலாயுதர் கோயில். கொடியேறினால் எங்கள் பக்கத்துச் சனமெல்லாம் 'கங்கைக்கரைக்குப் போறம்' என்றுதான் கிளம்பும். சிங்களத்தில் 'கங்க' என்றாலே ஆறு. களனி கங்க, வளவ கங்க, எல்லாம் கங்க. எவனோ ஒரு மாலுமி கிழக்குக் கரையில் நங்கூரம் போட்டு, தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் 'இதென்ன?' என்று கேட்டிருக்கிறான். நின்றவர் 'கங்க' என்றிருக்கிறார். அந்த ஒரு சொல் கைமாறிக் கைமாறி அலெக்சாந்திரியாவுக்குப் போய், 1482இல் உல்மில் மரக்கட்டையில் செதுக்கப்பட்டு, இன்று வாகரை வாடித் திண்ணையில் திரும்பி வந்து கிடக்கிறது. பெருந்தவறு என்று சொல்லப்படுகிற இடத்தில் எங்கள் கரையில் யாரோ பேசிய குரல் அப்படியே பதிந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். எறிந்ததுதான்.

ஒரு தடவை நடந்திருந்தால் தற்செயல் எனலாம். தாலமியின் இன்னொரு மலைக்குப் பெயர் மாலையா. 'அது என்ன?' என்றிருப்பான். 'மலை.' அதன் அடிவாரத்தில் யானைகள் மேயும் வெளிகள் என்றும் எழுதியிருக்கிறார், அது மட்டும் யாரும் திருத்தத் தேவையில்லாத தகவல். இனிப் போர்த்துக்கேயரைப் பாருங்கள். மலைநாட்டுத் தலைநகரின் பெயர் என்னவென்று கேட்டு அவர்கள் பிடித்துக்கொண்ட சொல் 'கந்த'. சிங்களத்தில் மலை. கந்த உட ரட்ட, மலைமேல் நாடு. அது காந்தியாவாகி, ஆங்கிலத்தில் கண்டியாகி, நாங்களும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். சிங்களவர் இன்றைக்கும் மகாநுவர, அதாவது பெருநகர் என்கிறார்கள். ஆறு, மலை, மலை. கேட்டவன் பெயர் கேட்டான், சொன்னவர் பொருள் சொன்னார்.

மட்டக்களப்பிலேயே இதற்கு ஒரு பொறி இருக்கிறது. ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகை நாங்கள் 'பாதை' என்போம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் நண்பன் ஒருவன், 'மண்டூருக்குப் பாதை இருக்குதா?' என்று கேட்டு, 'இருக்கு' என்ற பதிலை நம்பி, மோட்டார் சைக்கிளை நேரே தண்ணீரடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலேயே இது நடக்கிறது. ஹொண்டியுஸ் அந்த இடத்தில் இருந்திருந்தால் 56 கிலோமீற்றர் களப்புக்குக் குறுக்கே ஒரு நெடுஞ்சாலை போட்டிருப்பார்.

அவர் போட்டது வேறொன்று. 1606 படத்தின் தலைப்பிலேயே 'இலங்கைத் தீவு, உள்ளூர்வாசிகள் இதைத் தெனாரிசின் என்பர்' என்று எழுதியிருக்கிறார். தெனாரிசின்! எந்த உள்ளூர்வாசி? துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கேயர் 1516 அளவில் எழுதியதில் இந்தப் பெயர் வருகிறது, 'இன்ப பூமி' என்ற பொருளோடு. அடுத்து வந்தவர்கள் எல்லாம் அதை அப்படியே தூக்கினார்கள். பர்மாக் கரையில் தெனாசெரிம் என்றொரு துறைமுகம் உண்டு, அந்த வாசனை இதில் அடிக்கிறதென்று என் சந்தேகம். வாடியில் இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "தெனாரிசின் எங்க இருக்கு?" ஒரு பொடியன் தெளிவாகச் சொன்னான்: "ஃபாமசியில கேட்டுப் பாருங்க." அதற்குப்பின் அன்று முழுக்க யாருக்குத் தலையிடித்தாலும் தெனாரிசின்தான் மருந்து.

மூன்ஸ்டரின் பெயர்ப்பலகைக்கு வருகிறேன். இது அவர் ஒருவர் செய்த பிழையில்லை, ஒரு முழு நூற்றாண்டின் தலைவலி. நிக்கோலோ தே கொந்தி என்ற வெனிஸ் வியாபாரி 15ஆம் நூற்றாண்டில் கீழைக் கடல் சுற்றிவந்து, சுமாத்திராதான் தப்ரபேன் என்றார். 1450 வாக்கில் வெனிஸில் பிரா மௌரோ என்ற துறவி தன் உலகப் படத்தில் அதை ஏற்றுக்கொண்டார். ஏன் ஏற்க மாட்டார்? மாலுமிகள் கண்டு சொன்ன இலங்கை சின்னது. தாலமியின் தப்ரபேனோ பிரமாண்டம். பெரியவர் பிழைவிட மாட்டார், ஆகவே தப்ரபேன் வேறொரு பெரிய தீவாகத்தான் இருக்கவேண்டும். பெஹாய்ம் இன்னும் கெட்டிக்காரர். யாரையும் பகைக்காமல் தன் உருண்டையில் தப்ரபேனையும் சைலானையும் இரண்டு தனித் தீவுகளாகவே போட்டுவிட்டார். ஒரே ஆளுக்கு இரண்டு அடையாள அட்டை! கொலம்பஸ் கடலில் இறங்கிய அதே 1492இல்.

ஆனால் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் மார்கோ போலோ. 1290களில் இந்தப் பக்கம் வந்தவர். இலங்கையின் சுற்றளவு 2,400 மைல் என்றார் (அதுவே அதிகம்). பழைய மாலுமிப் படங்களின்படி முன்பு 3,600 மைல் இருந்ததாம். மிச்சம்? வடகாற்றின் வேகத்தில் கடல் கொண்டுபோய்விட்டதாம்! படம் பிழையாக இருக்கலாம் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. படத்தைக் காப்பாற்ற ஒரு நிலத்தையே கடலுக்குக் கொடுத்துவிட்டார்.

மாமா இதற்குச் சிரிக்கவில்லை.

"கடல் எடுக்கும் மனே" என்றார். "நீ நிக்கிற இடத்தில வீடு இருந்தது."

2004 டிசம்பர் 26க்கு முன்னர் இங்கே இருந்த தெருவை நான் கண்டிருக்கிறேன். அதை மறந்துபோய்ப் போலோவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே எழும்பி, "வா, ஒண்டு காட்டுறன்" என்று பனிச்சங்கேணிப் பக்கம் கூட்டிப்போனார்.

களப்பு கடலைச் சேரும் வாய். மாரியில் மழைவெள்ளம் நிரம்பி மணல்மேட்டை உடைத்துக்கொண்டு சீறிப் பாயும். அந்த நேரம் கப்பலில் இருந்து பார்ப்பவன் 'பெரிய ஆறு' என்று எழுதுவான். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து அதே வாயை ஒடுக்கிவிடும். அப்போது வருகிறவன் 'ஆறு ஏதுமில்லை, நீண்ட மணற்கரை' என்று எழுதுவான். நாங்கள் போன அன்று ஒரு பக்கம் வெண்மணல் நாக்குப் போல நீண்டு கிடந்தது. தண்ணீர் இடுக்கு வழியே முனகிக்கொண்டு போனது. நான் எடுத்த படத்தை ஃபோன் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தேன். அதில் மணல் வேறோர் இடத்தில், வாய் இன்னோர் இடத்தில். ஆகாயத்திலிருந்து படமெடுத்த நாளில் அப்படி இருந்திருக்கும். இரண்டும் உண்மை. கிழக்குக் கரையைக் கீறிய ஐரோப்பியரின் படங்களில் ஆற்றுவாய்கள் படத்துக்குப் படம் இடம்மாறிக் கிடப்பதை நான் அவர்களின் கவனக்குறைவு என்று எண்ணியிருந்தேன். பாதிக் குற்றவாளி எங்கள் மணல்.

மாமா களப்புக்கு அப்பால் கை நீட்டினார். வெயில் மங்கலில் தூரத்தே குடும்பிமலை. ஆழக்கடலில் வலை வைத்த இடத்துக்குத் திரும்பிப் போக, அந்த மலை நுனியையும் கரையில் ஒரு பனையையும் ஒரே கோட்டில் கொண்டுவருவாராம். அவருடைய வரைபடம் இதுதான், தாளே தேவையில்லை. அந்த மலையைத்தான் ஆங்கில மாலுமிகளும் கடலிலிருந்து பார்த்து 'பேரன்ஸ் கப்' என்றார்கள், அதாவது பிரபுவின் தொப்பி. சிங்களத்தில் தொப்பிகல, தொப்பிக் கல். தமிழனுக்கு மட்டும் குடுமி தெரிந்திருக்கிறது. மூன்று மொழிக்காரரும் அந்தக் கல்லைக் கண்டு ஒரு மனிதத் தலையைத்தான் நினைத்திருக்கிறார்கள், தலைக்குமேல் என்ன இருந்தது என்பதில்தான் தகராறு. திம்புலாகலை மலைக்குப் பீரங்கி முட்டுக்கட்டை என்று பெயர், கோவிந்த ஹெல மலைக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே. வீட்டு நினைவு வந்த மாலுமிகள் வைத்த பெயர்கள்.

பசி வந்தவர்கள் வைத்த பெயரும் உண்டு. ஒல்லாந்தருக்கு இலங்கையின் உருவம் உப்பிட்ட பன்றித்தொடை போலத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்துறைக்குப் பக்கத்துக் கடற்கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். பன்றித்தொடையின் குதிகால்! கண்ணீர்த்துளி என்றும் முத்து என்றும் நாங்கள் உருகுகிற தீவு அவர்களுக்கு மாலைச் சாப்பாடு. யாழ்ப்பாணத் தீவுகளுக்கெல்லாம் லைடன், ஆம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம் என்று தங்கள் ஊர்ப்பெயர்களை அள்ளி இறைத்தார்கள். நெடுந்தீவின் டெல்வ்ற் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டது.

நொக்ஸின் படத்தைக் கடைசியாக விரித்தேன், இருட்டத் தொடங்கியிருந்தது. வெருகலைத் தாண்டினால் கொட்டியாரக் குடா. புயலில் பாய்மரம் ஒடிந்த கப்பலுக்கு மரம் தேடி அங்கே ஒதுங்கிய நொக்ஸும் தகப்பனும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மூதூரில் அவர்கள் இருந்ததாகச் சொல்லும் புளியமரத்தை 'வெள்ளைக்காரன் புளி' என்பார்கள். பத்தொன்பது வருடம் கைதி. தொப்பி பின்னி விற்று, ஊர் ஊராக நடந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பினார். அவர் புத்தகத்தில் வந்த படத்தில் மலைநாட்டின் உட்பகுதிக்கு முதல் தடவையாக உயிர் வருகிறது. காலால் நடந்து தெரிந்துகொண்டவரின் அறிவு, அது தனி ருசி. ஆனாலும் என்னைக் கேட்டால், எனக்கு நொக்ஸைவிட மூன்ஸ்டர்தான். சரியான படத்தைக் கண்டால் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன். பிழையான படம் என்னை ஒரு மணித்தியாலம் இருத்தி வைக்கிறது. யார் சொன்னது, யார் கேட்டது, எந்த மொழியில், எந்தக் காற்றில் என்று குடைகிறது.

பஸ் ஏறும்போது ஐந்து தாளையும் மாமாவிடமே விட்டுவிட்டேன்.

ஓகஸ்டில் மறுபடி போனேன். ஹொண்டியுஸ் இறால் நிறுக்கிற தராசுக்குக் கீழே விரிப்பாகக் கிடந்தார், தெனாரிசின் மேல் செதில். பெஹாய்மைக் காணவில்லை. மூன்ஸ்டரின் யானையை வாடிக்குள் கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கீழே உல்ம் தாலமி. அதில் கங்கை கடலில் விழுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே கடுஞ்சிவப்பில் ஒரு புள்ளி, பக்கத்தில் கோணல் எழுத்தில் 'வாகரை'. லமினேற் தாளில் பேனை பிடிக்காதென்று மாமாவின் பேத்தி நகப்பூச்சால் எழுதியிருக்கிறாள்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாத்தான் வச்சிருக்காள். ஆனா ஆத்துக்குக் கிட்டப் போயிட்டுது. இன்னும் ரெண்டு விரக்கடை தெற்கால வந்திருக்கோணும்."